மாட்டுக்குச் சோறு ஏன் ஆகாது? முதல் வயிற்றைப் புரிந்துகொள்வோம்

மாட்டுப் பொங்கல் முடிந்த மறுநாள் ஏதாவது ஒரு கால்நடை மருத்துவமனைக்குப் போய்ப் பாருங்கள். சாப்பிடாமல், அசை போடாமல், தலையைத் தொங்கப் போட்டபடி நிற்கும் மாடுகள் நாலைந்தாவது இருக்கும். எங்கள் வீட்டிலும் ஒரு வருடம் இது நடந்தது. அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் ஆளுக்கு ஒரு வாளி பொங்கலும் சோறும் வாழைப்பழமுமாகக் கொண்டுவந்து அன்போடு வைத்தார்கள், நாங்களும் வருஷத்துக்கு ஒரு நாள்தானே என்று விட்டுவிட்டோம். மறுநாள் காலையில் தண்ணி காட்டப் போனால் மாடு தொட்டியில் மூக்கை வைக்கவே இல்லை. சாணி கூழாகப் போயிருந்தது, புளித்த நாற்றம். கண் குழி விழுந்திருந்தது. மூன்று நாள் மருத்துவர் வந்து போய், பாட்டில் பாட்டிலாக மருந்து ஏற்றித்தான் மாடு பிழைத்தது. பால் பழைய அளவுக்கு வரவே இல்லை.

நாம் மூன்று வேளையும் தின்கிற சோறு, முந்நூறு நானூறு கிலோ எடையுள்ள ஒரு விலங்கை எப்படிச் சாய்க்கிறது? இதைப் புரிந்துகொண்டால் மாட்டுத் தீவனத்தைப் பற்றிய பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். புதிதாகக் கறவை மாடு வாங்கி வளர்க்க நினைப்பவர்கள் எந்த இனம், எவ்வளவு மானியம், எத்தனை லிட்டர் கறக்கும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது மாட்டின் வயிற்றைத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மாட்டுக்கு வயிறு நான்கு அறைகளாக இருக்கும். எருமை, ஆடு, செம்மறிக்கும் அப்படியே. கடைசி அறைதான் நம் இரைப்பை மாதிரி அமிலம் சுரந்து செரிக்கிற வயிறு. அதற்கு முன்னால் மூன்று அறைகள். அந்த மூன்றில் முதலாவதும் பெரியதும்தான் நாம் பார்க்கப் போகிற பெருவயிறு, மருத்துவர்கள் ரூமென் என்பார்கள். வளர்ந்த பசுவுக்கு இது 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். வயிற்றின் இடது பக்கம் முழுவதையும் இதுவே அடைத்துக்கொண்டிருக்கும். எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு கசப்பான கணக்கு சொல்கிறேன். 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு பசுவுக்கு அறுவை சிகிச்சை செய்து வயிற்றிலிருந்து எடுத்த பிளாஸ்டிக் மட்டும் 52 கிலோ. ஒரு ஆளின் எடை அளவுக்குக் குப்பையைச் சுமந்துகொண்டு அந்த மாடு நடமாடியிருக்கிறது.

இந்தப் பெருவயிறு எந்தச் செரிமான நீரையும் சுரப்பதில்லை. அது ஒரு ஊறல் தொட்டி. இட்லி மாவு புளிக்கிற பானையை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதே வேலைதான். மாவைப் புளிக்க வைப்பது நாமல்ல, அதில் இருக்கிற நுண்ணுயிர்கள். பெருவயிற்றிலும் அப்படித்தான். ஒரு மில்லி வயிற்று நீரில் ஆயிரம் கோடி அளவுக்குப் பாக்டீரியா இருக்கும். அவற்றோடு புரோட்டோசோவா என்கிற ஓரணு உயிரிகளும் பூஞ்சைகளும் சேர்ந்து வாழ்கின்றன. காற்றுப் புகாத, எப்போதும் 39 டிகிரி சூட்டில் இருக்கிற இருட்டுத் தொட்டி. உள்ளே ஓரணு உயிரிகள் இருப்பதை 1843-லேயே பிரான்சில் நுண்ணோக்கி வைத்துப் பார்த்துவிட்டார்கள். பூஞ்சையும் இருக்கிறது என்பது உறுதியாகத் தெரிய 1975 வரை ஆனது.

வைக்கோலைத் தின்று எந்தப் பாலூட்டியும் தானாக உயிர் வாழ முடியாது. வைக்கோலில் இருக்கிற நாரை உடைக்கிற நொதி மாட்டின் உடம்பிலும் இல்லை, நம் உடம்பிலும் இல்லை. அந்த நுண்ணுயிர்களிடம்தான் இருக்கிறது. அவை நாரைத் தின்று அசிட்டிக் அமிலம், புரோப்பியானிக் அமிலம், பியூட்டிரிக் அமிலம் என்று சில அமிலங்களை வெளியே விடுகின்றன. அசிட்டிக் அமிலம் நம் வீட்டு வினிகரில் இருப்பதுதான். இந்த அமிலங்களைப் பெருவயிற்றின் சுவர் உறிஞ்சி ரத்தத்துக்கு அனுப்புகிறது, மாட்டுக்குக் கிடைக்கிற சக்தியில் ஏறக்குறைய எழுபது சதவீதம் இந்த வழியாகத்தான் வருகிறது. அப்புறம் அந்த நுண்ணுயிர்களே உணவோடு உணவாக நகர்ந்து கடைசி வயிற்றுக்குப் போய்ச் செரிக்கப்படுகின்றன. மாட்டுக்கு வேண்டிய புரதத்தில் பெரும்பங்கு அவற்றின் உடம்பிலிருந்து கிடைப்பதுதான். பி வைட்டமின்களையும் அவைதான் செய்து கொடுக்கின்றன.

ஆக, நாம் தொட்டியில் போடுகிற தீனியை முதலில் சாப்பிடுவது மாடு இல்லை. மாட்டுக்குள் இருக்கிற இந்தக் கூட்டம். அதை நன்றாக வைத்திருந்தால் அது மாட்டைப் பார்த்துக்கொள்ளும். இனி சொல்லப்போவது எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகிறது.

இந்தக் கூட்டத்துக்கு என்ன வேண்டும்? முக்கியமாக, பெருவயிற்றுத் தொட்டிக்குள் புளிப்பு அளவோடு இருக்க வேண்டும். கார அமில நிலையை அளக்கிற பி.எச். அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம் என்று அர்த்தம்) 6-க்கும் 7-க்கும் நடுவில் இருந்தால் நாரைத் தின்கிற பாக்டீரியாக்கள் நன்றாக வேலை செய்யும். ஆனால் அவையே நாள் முழுக்க அமிலத்தை வெளியே விட்டுக்கொண்டிருக்கின்றனவே, புளிப்பு ஏறிக்கொண்டே போகாதா? போகும். அதைத் தடுப்பது மாட்டின் எச்சில். ஒரு பசு ஒரு நாளில் 100 லிட்டருக்கு மேல் எச்சில் சுரக்கும், அந்த எச்சிலில் நாம் ஆப்பத்துக்குப் போடுகிற சோடா உப்பு இயற்கையாகவே கலந்திருக்கிறது. மென்று மென்று விழுங்க விழுங்க இந்த எச்சில் உள்ளே போய்ப் புளிப்பை முறிக்கிறது.

அசை போடுவதன் அருமை இங்கேதான் தெரியும். மாடு மேயும்போது அரைகுறையாக மென்று விழுங்கிவிடும். பிறகு நிழலில் படுத்துக்கொண்டு, விழுங்கியதை உருண்டை உருண்டையாக வாய்க்குக் கொண்டுவந்து மறுபடி மெல்லும். ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் இப்படிப் போகும். நாம் பழசை நினைத்துப் பார்ப்பதை அசை போடுவது என்கிறோம், சும்மா உட்கார்ந்திருக்கிற வேலை என்கிற தொனியும் அதில் கொஞ்சம் உண்டு. மாட்டுக்கு அது சும்மா இருப்பதே இல்லை. அந்த மெல்லலில்தான் எச்சில் ஊறுகிறது, அந்த எச்சிலில்தான் தொட்டி புளிக்காமல் நிற்கிறது. மாட்டை அசை போட வைப்பது எது என்றால் நீளமான நார். வைக்கோல், சோளத்தட்டை, கம்பு நேப்பியர் புல். மாவு மாதிரி பொடியாக அரைத்ததை மெல்ல ஒன்றும் இல்லை, மெல்லாவிட்டால் எச்சில் இல்லை.

இப்போது சோற்றுக்கு வருவோம். சோறு முழுக்க மாவுச்சத்து, அதுவும் வெந்த மாவுச்சத்து. நார் உடைய மணிக்கணக்கில் ஆகும், வெந்த மாவு உடைய அவ்வளவு நேரம் தேவையில்லை. ஒரு அண்டா சோறு உள்ளே போனதும், அதுவரை ஓரமாக இருந்த மாவைத் தின்கிற பாக்டீரியாக்கள் மளமளவென்று பெருகுகின்றன. அவை லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகின்றன. தயிரைப் புளிக்க வைக்கிற அதே அமிலம்தான், ஆனால் மற்ற அமிலங்களைவிட இது பலமடங்கு கடுமையானது. பி.எச். 5.5-க்குக் கீழே இறங்கும்போது நாரைத் தின்கிற பாக்டீரியாக்களும் ஓரணு உயிரிகளும் சாகத் தொடங்கும். 5-க்கும் கீழே போனால் புளிப்பை விரும்புகிற கிருமிகளின் ராஜ்யம், அவை இன்னும் லாக்டிக் அமிலத்தைச் சேர்க்கும். சோறு தின்ற மாடு அசையும் போடாது, அதனால் முறிக்க எச்சிலும் வராது.

அதோடு நிற்பதில்லை. வயிற்று நீரில் அமிலச் செறிவு ஏறிவிட்டதால் ரத்தத்தில் இருக்கிற தண்ணீரை அது உள்ளே இழுக்கும். ஊறுகாய்க்கு உப்புப் போட்டதும் மாங்காயிலிருந்து தண்ணீர் வெளியே வருகிறதே, அந்த மாதிரி. அதனால்தான் இடது வயிற்றைத் தட்டினால் தண்ணீர் தளும்புகிற மாதிரி இருக்கும், ஆனால் மாடோ வறண்டு போய்க் கண் உள்ளே போயிருக்கும். அமிலம் ரத்தத்தில் ஏறும், வயிற்றின் உட்சுவர் வெந்துபோகும். கவனிக்காமல் விட்டால் ஒன்றிரண்டு நாளில் செத்தும் போகலாம். பிழைத்த மாட்டுக்குக்கூடக் குளம்பில் வீக்கம் வந்து நொண்டும். சோற்றுக்கும் குளம்புக்கும் என்ன தொடர்பு என்று பலர் நம்பவே மாட்டார்கள், ஆனால் தொடர்பு இருக்கிறது.

பொங்கல் மட்டும் காரணம் இல்லை. கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய சாப்பாடு, அவிழ்த்துக்கொண்டு போய் அரிசி மூட்டையைத் தின்றது, மக்காச்சோள மாவு, ரவை, பழுத்த பலாச்சுளை, மாம்பழத் தோல் கூடை கூடையாகக் கொட்டியது, எல்லாம் இதே கதைதான். அப்படி ஏதாவது தின்றுவிட்டது என்று தெரிந்தால், மாடு நன்றாகத்தானே நிற்கிறது என்று காத்திருக்காதீர்கள். அறிகுறி வர அரை நாள், ஒரு நாள்கூட ஆகும், அதற்குள் உள்ளே நிலைமை முற்றிவிடும். மிச்ச தீனியை எடுத்துவிட்டு, வெறும் வைக்கோலை மட்டும் முன்னால் வைத்துவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியைக் கேட்கலாம். என்ன தின்றது, தோராயமாக எவ்வளவு, எத்தனை மணிக்கு, சினையா, இந்த நான்கையும் சொல்லுங்கள். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கச் சொல்வார்கள், ஆனால் அளவை மாட்டின் எடைக்கு ஏற்ப மருத்துவர்தான் சொல்ல வேண்டும். எதைப் புகட்டினாலும் தலையை மேலே அண்ணாந்து பிடித்து, நாக்கை வெளியே இழுத்து ஊற்றாதீர்கள். நுரையீரலுக்குள் போய்விட்டால் முதல் நோயைவிட அது மோசம்.

எங்கள் மாட்டுக்கு மருத்துவர் செய்ததில் எனக்கு மறக்காத ஒன்று, நல்ல ஆரோக்கியமான இன்னொரு மாட்டின் பெருவயிற்று நீரைக் குழாய் வழியாக எடுத்து இதற்குள் விட்டது. செத்துப்போன கூட்டத்துக்குப் பதிலாகப் புதுக் கூட்டத்தைக் குடியேற்றுகிறோம் என்றார். உறை ஊற்றுகிற மாதிரிதான்.

இதெல்லாம் ஒரே நாளில் நடக்கிற விபத்து. இதைவிட அதிகம் நடப்பது, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் புளித்துக்கொண்டிருப்பது. பால் நிறைய வேண்டும் என்று தானியம், தவிடு, பிண்ணாக்கு கலந்த அடர்தீவனத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள், பசும்புல்லும் வைக்கோலும் குறைந்துகொண்டே வரும். மாடு விழுந்துவிடாது, ஆனால் ஒரு நாள் நன்றாகத் தின்னும், மறுநாள் ஒதுக்கும். சாணி ஒரு வேளை கெட்டியாக, ஒரு வேளை தளர்ந்து போகும். பால் ஊற்றுகிற சொசைட்டியில் பாலின் கொழுப்பு அளவு இறங்கும். காரணம் எளிது. பாலில் கொழுப்பைக் கட்ட மாடு பயன்படுத்துகிற முக்கியமான மூலப்பொருள் அந்த அசிட்டிக் அமிலம், அது நாரிலிருந்துதான் அதிகம் வருகிறது. நார் குறைந்தால் கொழுப்பும் குறையும். கொழுப்பும் இதரச் சத்தும் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள் என்பதால், தீவனத்துக்குக் கூடுதலாகச் செலவழித்துவிட்டு லிட்டருக்குக் குறைவாக வாங்கிக்கொண்டு வருகிறோம். என் கண்ணால் பார்த்த பல வீடுகளில் நஷ்டம் இந்த இடத்தில்தான் ஒழுகுகிறது.

சரி, எவ்வளவுதான் போடலாம்? நானூறு கிலோ அளவுள்ள ஒரு கலப்பினப் பசுவுக்குப் பொதுவாகச் சொல்லப்படுகிற கணக்கு இது: பசுந்தீவனம் 20 முதல் 25 கிலோ, வைக்கோல் அல்லது தட்டை 5 கிலோ சுமார், உடம்பைப் பராமரிக்க அடர்தீவனம் ஒன்றரை கிலோ, அதற்கு மேல் கறக்கிற ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. பசுந்தீவனம் நல்ல தரமாக, பயறு வகைப் புல்லும் கலந்து இருந்தால் அடர்தீவனத்தைக் குறைக்கலாம். பத்து லிட்டர் கறக்கிற மாட்டுக்கு ஐந்தரை கிலோ வருகிறதா, அதை ஒரே வேளையில் கொட்டாதீர்கள். மூன்று வேளையாகப் பிரியுங்கள், ஒரு வேளைக்கு இரண்டு இரண்டரை கிலோவைத் தாண்ட வேண்டாம். வெறும் வயிற்றில் மாவுத் தீனியை வைக்காமல் முதலில் கொஞ்சம் வைக்கோலோ தட்டையோ போட்டு, அது மென்று எச்சில் இறங்கிய பிறகு அடர்தீவனத்தை வையுங்கள். புல் வெட்டுகிற எந்திரம் வைத்திருப்பவர்கள் புல்லைத் தூளாக்கிவிட வேண்டாம், ஒரு விரல்கணு நீளமாவது இருக்கட்டும்.

எதை மாற்றினாலும் மெதுவாக மாற்றுங்கள் என்பதைத் தனியாக அழுத்திச் சொல்ல வேண்டும். வைக்கோல் தின்று பழகிய கூட்டம் வேறு, மாவு தின்று பழகிய கூட்டம் வேறு. ஒன்று குறைந்து மற்றது பெருக நாள் எடுக்கும். புது மூட்டை, புது நிறுவனத் தீவனம், மழை பெய்ததும் முளைத்த இளம்புல், எதுவானாலும் பத்துப் பதினான்கு நாளில் பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் புதியதைக் கூட்டுங்கள். சந்தையில் மாடு வாங்கினால் அது அங்கே என்ன தின்றது என்று விற்பவரிடம் கேட்டு, முடிந்தால் அந்தத் தீவனத்திலேயே பத்து கிலோ வாங்கி வந்துவிடுங்கள். வந்த வாரத்தில் பால் குறைந்தது என்று தரகரைத் திட்டுகிறவர்கள் பலர் இதைச் செய்திருக்க மாட்டார்கள்.

பெருவயிற்றில் காற்றும் உருவாகிக்கொண்டே இருக்கும், மாடு அதை ஏப்பமாக வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். ஏதாவது காரணத்தால் ஏப்பம் நின்றால் இடது பக்கம் உப்பி மேலே எழும்பும். வயிறு உப்புசம் என்பது இதுதான். பனியோடு இருக்கிற இளம் குதிரை மசாலை (பயறு வகைப் பசுந்தீவனம்) வெறும் வயிற்றில் நிறைய மேய்ந்தால் காற்று நுரையாக மாட்டிக்கொள்ளும், நுரை ஏப்பமாக வராது. குதிரை மசால் போடுகிறவர்கள் வாட விட்டு, வைக்கோலோடு கலந்து போட்டால் போதும். இடது பக்கம் முதுகெலும்பு மட்டத்துக்கு உப்பி மாடு மூச்சு வாங்கினால் அது மணிக்கணக்கில் காத்திருக்கிற சமாசாரம் இல்லை, அப்போதே மருத்துவர் வேண்டும்.

இரண்டாவது அறையைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. அது உட்புறம் தேன்கூடு மாதிரி இருக்கும், கனமான பொருள் எல்லாம் அதில்தான் போய் விழும். மாடு நாக்கால் சுருட்டி விழுங்குகிற பிராணி, ஆணியையும் கம்பித் துண்டையும் பிரித்து ஒதுக்கத் தெரியாது. அந்த அறைக்கு நேர் முன்னால் இதயம். வயிறு சுருங்கி விரியும்போது கம்பி குத்திக்கொண்டு முன்னே போனால் இதயம் வரை போகும். கட்டுத்தரையில் கட்டுக்கம்பி வெட்டாதீர்கள், கூரை வேலை நடந்தால் முடிந்ததும் ஒரு காந்தத்தை வைத்துத் தரையைத் துழாவிவிடுங்கள்.

இவ்வளவும் உள்ளே நடக்கிற விஷயம், வெளியே இருந்து எப்படித் தெரிந்துகொள்வது? எனக்குப் பழக்கமான வழி இதுதான். மதியம் மாடு படுத்திருக்கும்போது போய்ச் சும்மா ஐந்து நிமிடம் நின்று பார்ப்பேன். ஒரு உருண்டை தொண்டை வழியாக மேலே ஏறுவது கழுத்தில் தெரியும். அதிலிருந்து விழுங்குகிற வரை எத்தனை தடவை மெல்லுகிறது என்று எண்ணுவேன். ஐம்பது அறுபது வந்தால் சந்தோஷம். நாற்பதுக்குக் கீழே தொடர்ந்து வந்தால் நார் போதவில்லை என்று எடுத்துக்கொண்டு வைக்கோலைக் கூட்டுவேன். அப்புறம் இடது பக்கம், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தில் கையை முஷ்டியாக மடக்கி அழுத்தி வைத்தால், உள்ளிருந்து அலை மாதிரி ஒன்று கையைத் தள்ளும். நிமிடத்துக்கு ஒரு தடவையாவது வர வேண்டும். முதல் தடவை எனக்கு அது பிடிபடவில்லை, பத்து நாள் வைத்துப் பழகிய பிறகு கை தானாகவே தெரிந்துகொண்டது. சாணியில் முழுத் தானியம் அப்படியே வருகிறதா, குமிழ் குமிழாக நுரைக்கிறதா என்று கூட்டி அள்ளும்போது ஒரு பார்வை பார்த்தால் போதும்.

தண்ணீரைச் சிக்கனம் பிடிக்காதீர்கள். வயிற்றுத் தொட்டி ஊற வேண்டும் என்றால் தண்ணீர் வேண்டும், உடம்புக்கு வேண்டியது போக ஒரு லிட்டர் பாலுக்கு மூன்று நான்கு லிட்டர் என்று வைத்துக்கொண்டு, வெயில் காலத்தில் எப்போதும் தண்ணீர்த் தொட்டியில் நிற்கிற மாதிரி வையுங்கள். கழனித்தண்ணி கொடுக்கலாம், அதில் அடியில் தங்கிய சோற்றை மட்டும் வடித்து எடுத்துவிடுங்கள். தாது உப்புக் கலவை தினமும் 30 முதல் 50 கிராம். அவ்வளவுதான்.

கன்றுக்குட்டிக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது, ஏனென்றால் பிறக்கும்போது அதற்குப் பெருவயிறு வேலை செய்வதில்லை. சின்னப் பை மாதிரி சுருங்கிக் கிடக்கும். கன்று பாலை ஊட்டும்போது தொண்டையிலிருந்து ஒரு வாய்க்கால் மடங்கிக்கொண்டு பாலை நேராகக் கடைசி வயிற்றில் கொண்டுபோய் விட்டுவிடும். அதனால் முதல் வாரங்களில் அது நம்மைப் போல ஒற்றை வயிற்றுப் பிராணி. பிறந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்துவிட வேண்டும், அது வேறு பெரிய பாடம். இரண்டாவது வாரத்திலிருந்து ஒரு பிடி கன்றுத் தீவனமும் நல்ல காய்ந்த புல்லும் எட்டுகிற இடத்தில் வையுங்கள். தானியம் புளித்து வருகிற அமிலம் பட்டுத்தான் பெருவயிற்றின் உட்சுவரில் உறிஞ்சுகிற மொட்டுகள் வளரும். தாய் நக்குவதிலும், தாய் வாய் வைத்த தொட்டியில் கன்று வாய் வைப்பதிலும் நுண்ணுயிர்கள் உள்ளே போய்க் குடியேறும். வேலை செய்கிற பெருவயிறு ஆக மூன்று மாதம் போல ஆகும்.

ஆனால் தொடக்கம் அதற்கு முன்பே தெரிந்துவிடும். இரண்டு மூன்று வாரக் கன்று, தாயின் முன்னால் கிடக்கிற வைக்கோலில் ஒரு இழையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டு திரியும். பிறகு ஒரு நாள் மத்தியானம் படுத்துக்கொண்டு, வாயில் ஒன்றும் இல்லாத மாதிரி இருந்தும் தாடை பக்கவாட்டில் மெதுவாக அசைந்துகொண்டிருக்கும். அன்றைக்கு உள்ளே தொட்டி ஊறத் தொடங்கிவிட்டது.